கரிக்கு நல்லது கெட்டது தெரியாது

மண்ணூர்பேட்டையில் கரி என்று சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது இஸ்திரி வண்டிதான். கொஞ்சம் யோசித்தால் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வாட்டர் ப்யூரிஃபையர் ஞாபகத்துக்கு வரலாம். சர்வீஸ்காரர் வந்து "கார்பன் ஃபில்டர் மாத்தணும்" என்று சொல்லி பில் போடுவாரே, அந்த ஃபில்டருக்குள் இருப்பதும் கரிதான். மெடிக்கல் ஷாப்பில் வாயுத் தொல்லைக்குக் கேட்டால் ஒரு கறுப்பு மாத்திரை கிடைக்கும். அதுவும் கரி. இப்போது சூப்பர் மார்க்கெட் அலமாரியில் கறுப்புப் பற்பசை, கறுப்பு ஃபேஸ் வாஷ், கறுப்பு சோப்பு என்று ஒரு வரிசையே நிற்கிறது.

இவை எல்லாவற்றையும் விற்பது ஒரே ஒரு நம்பிக்கைதான்: "கரி கெட்டதை எல்லாம் இழுத்துவிடும்."

கரி இழுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதை இழுக்கும்? எவ்வளவு இழுக்கும்? விஷம் குடித்தவரின் வயிற்றில் கரியை ஊற்றினால் அவர் பிழைப்பாரா? இவையெல்லாம் வேறு கேள்விகள். இவற்றை ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தவர்கள் வெகு தூரத்தில் இல்லை, பக்கத்தில் இலங்கையில்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் பலருக்குப் பிடிக்காத பதில். ஆனால் கரியைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரு கிராமில் நாலரை கிரவுண்ட்

முதலில் இந்தக் கரி என்ன சரக்கு என்று பார்க்கலாம். இதன் பெயர் செயலூட்டப்பட்ட கரி. ஆங்கிலத்தில் ஆக்டிவேட்டட் சார்க்கோல். மரம், நிலக்கரி என்று பலவற்றிலிருந்து செய்யலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெரும்பாலும் தேங்காய்க் கொட்டாங்குச்சியிலிருந்து செய்கிறார்கள். காங்கேயம் பக்கம் இதைத் தொட்டி என்பார்கள், தெற்கே சிரட்டை என்பார்கள். கொட்டாங்குச்சியைக் காற்று அதிகம் படாமல் எரித்துக் கரியாக்கி, பிறகு சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவியைச் செலுத்துவார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன.

அந்தத் துளைகளின் சுவர்ப் பரப்பையெல்லாம் கூட்டினால் ஒரு கிராம் கரிக்குச் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்ட் என்பது 2400 சதுர அடி. அப்படியென்றால் ஒரு கிராம் கரிக்குள் கிட்டத்தட்ட நாலரை கிரவுண்ட் இடம்! அம்பத்தூர் பக்கம் இன்றைக்கு அரை கிரவுண்ட் வாங்குவதற்கே எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோலக் கரி எதையும் உள்ளே உறிஞ்சிக்கொள்வதில்லை. கரியின் பரப்பில் மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்கின்றன. வேதியியல் புத்தகத்தில் இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். இதில் முக்கியமான விஷயம், கரி ஆள் பார்த்து ஒட்ட வைப்பதில்லை. விஷமும் ஒட்டும், மருந்தும் ஒட்டும், வைட்டமினும் ஒட்டும். இன்னொரு பக்கம், சாராயம், இரும்புச் சத்து, லித்தியம், அமிலம், காரம் போன்றவை கரியில் சரியாக ஒட்டுவதே இல்லை. ஆக, "கெட்டதை எல்லாம் இழுக்கும்" என்பதில் 'கெட்டதை' என்பதும் தப்பு, 'எல்லாம்' என்பதும் தப்பு.

ஆராய்ச்சிக்கூடத்தில் கரி

இந்தக் குணத்தை நன்றாகப் புரிந்துகொண்டு பயன்படுத்துகிறவர்கள் ஆராய்ச்சிக்கூடக்காரர்கள்தான்.

தென்னையை எடுத்துக்கொள்ளலாம். தென்னங்கருவைச் சோதனைக் குழாயில் வளர்க்கும் ஊடகத்தில் கரித்தூள் சேர்ப்பது வழக்கம். காசர்கோட்டில் இருக்கும் மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் முறையிலும் கரி உண்டு. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகிறதல்லவா? அதேபோல வெட்டுப்பட்ட தாவரத் திசுவும் சில வேதிப்பொருள்களைக் கக்கி, கறுத்து, செத்துப் போகும். கரி அந்தப் பொருள்களைப் பிடித்துக்கொண்டு கருவைக் காப்பாற்றுகிறது. ஆனால் திசு வளர்வதற்காக ஆராய்ச்சியாளர்கள் சேர்க்கும் வளர்ச்சி ஹார்மோனையும் அதே கரி பிடித்துக்கொள்ளும். அதனால் எவ்வளவு கரி போட்டால் எவ்வளவு ஹார்மோன் மிஞ்சும் என்று கணக்குப் பார்த்துத்தான் போட வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியிலும் இதே கதைதான். புற்றுநோய்ச் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அவை வளரும் ஊடகத்தில் ஏற்கெனவே அந்த ஹார்மோன் இருக்கக் கூடாது. எனவே ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தை முதலில் கரியால் சுத்தம் செய்கிறார்கள். ஹார்மோன் போய்விடும், கூடவே வேறு சில பொருள்களும் போய்விடும். அது தெரிந்துதான் ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக இன்னொரு தொகுதிச் செல்களையும் வளர்க்கிறார்கள். லெஜியோனெல்லா என்று ஒரு பாக்டீரியா உண்டு. கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். சாதாரண ஊடகத்தில் வளரவே வளராது. கரியும் ஈஸ்ட் சாறும் சேர்த்த ஊடகத்தில்தான் அதை நன்றாக வளர்க்க முடிகிறது.

இந்த மூன்று இடத்திலும் யாரும் கரியை நம்பி உட்காரவில்லை. போடு, அளந்து பார், போடாததோடு ஒப்பிட்டுப் பார். இதுதான் வழி.

மனிதர்கள் விஷயத்தில் மட்டும் இந்த வழி ரொம்ப காலம் கடைப்பிடிக்கப்படவில்லை.

ஒருவரின் சாகசமும் 4632 பேரின் கணக்கும்

19-ம் நூற்றாண்டில் டூவேரி என்ற பிரெஞ்சு மருந்தாளர், மருத்துவர்கள் கூடியிருந்த சபையில் கொடிய விஷத்தைக் கரியோடு சேர்த்து விழுங்கிவிட்டு உயிரோடு நின்று காட்டினார் என்று மருத்துவ வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கரிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது. 20-ம் நூற்றாண்டில் உலகம் முழுக்க விஷ சிகிச்சையில் கரி இடம் பிடித்தது. இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் டூவேரி விஷத்தையும் கரியையும் ஒரே நேரத்தில் விழுங்கினார். அநுராதபுரத்தில் ஒரு விவசாயி பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு, வீட்டார் கண்டுபிடித்து, வண்டி பிடித்து, சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் சில மணி நேரம் ஓடிவிடும். அவருக்கும் கரி உதவுமா?

இலங்கையில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1995-ல் அங்கே தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. பூச்சிமருந்தும் மஞ்சள் அரளியும்தான் ஆஸ்பத்திரிகளை நிரப்பின. மஞ்சள் அரளியின் விஷம் இதயத் துடிப்பைக் குலைக்கும். அதற்கு ஒரு மாற்று மருந்து உண்டு, அது வேலை செய்கிறது என்று 2000-ல் இலங்கையிலேயே நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் விலை ஏறியதும் அது இலங்கை ஆஸ்பத்திரிகளுக்கு எட்டாமல் போனது, சாவு கூடியது. மருந்து இருக்கிறது, வாங்கக் காசு இல்லை. கரி மட்டும் மலிவாகக் கிடைத்தது.

2003-ல் 'லான்செட்' இதழில் டி சில்வாவும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மஞ்சள் அரளி விஷத்தோடு வந்த 401 பேர். எல்லோருக்கும் முதலில் ஒரு முறை கரி கொடுக்கப்பட்டது. பிறகு பாதிப் பேருக்கு மூன்று நாள், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, 50 கிராம் கரி. மீதிப் பேருக்கு வெறும் தண்ணீர். தொடர்ந்து கரி பெற்ற 201 பேரில் 5 பேர் இறந்தார்கள். பெறாத 200 பேரில் 16 பேர் இறந்தார்கள். 8 சதவீதம் எங்கே, 2.5 சதவீதம் எங்கே!

இத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். கொட்டாங்குச்சி உயிரைக் காப்பாற்றுகிறது என்று தலைப்புப் போட்டிருக்கலாம்.

அவர்கள் நிறுத்தவில்லை. மைக்கேல் எடில்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் இலங்கை மருத்துவர்களும் சேர்ந்து அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் ஆகிய ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் இன்னும் பெரிய ஆய்வை நடத்தினார்கள். 4632 நோயாளிகள். பாதிக்கு மேல் பூச்சிமருந்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மஞ்சள் அரளி. குலுக்கல் முறையில் மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்குக் கரி கிடையாது. ஒரு பிரிவுக்கு ஒரே முறை 50 கிராம். மூன்றாவது பிரிவுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒன்றாக ஆறு முறை. மற்ற சிகிச்சைகள் எல்லோருக்கும் உண்டு. முடிவு 2008-ல் அதே 'லான்செட்' இதழில் வந்தது.

ஆறு முறை கரி கொடுத்த பிரிவில் இறந்தவர்கள் 6.3 சதவீதம். கரியே கொடுக்காத பிரிவில் 6.8 சதவீதம். ஒரே முறை கொடுத்த பிரிவில் 7.1 சதவீதம்.

புள்ளியியல் கணக்கில் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. எந்த விஷம் என்று பிரித்துப் பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. சீக்கிரமாக வந்தவர்களை மட்டும் பார்த்தார்கள், அங்கேயும் தெளிவான வித்தியாசம் இல்லை. கிராமப்புற ஆசியாவில் இப்படிப் பல முறை கரி கொடுப்பதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார்கள்.

முதல் ஆய்வு பொய்யா? இல்லை. இரண்டிலும் கரி கொடுத்த இடைவெளி வேறு, நாள் கணக்கு வேறு. அரளிக்குத் தொடர்ந்து கரி கொடுக்கலாமா என்ற வாதம் மருத்துவர்களிடையே முடிந்துவிடவும் இல்லை. ஆனால் 'கரி கொடுத்தால் நல்லதுதானே, கெட்டுப் போகாதே' என்ற பொதுவான நம்பிக்கைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

"இல்லை" என்ற பதிலின் விலை

சிலர் கேட்கலாம்: உயிருக்குப் போராடுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கரி கொடுக்காமல் விட்டது கொடூரம் இல்லையா?

நியாயமான கேள்விதான். ஆனால் பலன் இருக்கிறதா என்று தெரியாத ஒன்றை எல்லோருக்கும் கொடுப்பதும் இலவசம் அல்ல. மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குழாய்க்குள் கரி போய்விட்டால் நுரையீரல் கெடும். மறுக்கிற நோயாளிக்கு மூக்கில் குழாய் போட்டு ஊற்றுவது சித்திரவதை. ஒரு நர்ஸ் ஒரு நோயாளிக்கு ஆறு முறை கரி கொடுக்க நின்றால், பக்கத்துப் படுக்கையில் மூச்சு நிற்கப் போகிறவரை யார் பார்ப்பது? வணிகவியலில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு அது. மலிவான மருந்துக்கும் வாய்ப்புச் செலவு உண்டு.

"இல்லை" என்ற பதில் கிடைத்ததால் கவனம் பலன் தரும் பக்கம் திரும்ப முடியும். இலங்கையில் அப்படி ஒரு பக்கம் இருந்தது. 1995-ல் மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளுக்கும் 1998-ல் எண்டோசல்ஃபானுக்கும் தடை வந்தது. 1986 முதல் 1995 வரையிலான பத்து ஆண்டுகளோடு ஒப்பிட்டால், 1996 முதல் 2005 வரை தற்கொலைகள் 19,769 குறைந்ததாக 2007-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வயிற்றில் போன விஷத்தைக் கரியால் துரத்துவதைவிட, கொடிய விஷம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் செய்வது எத்தனையோ மடங்கு பெரிய மருந்து.

ஜப்பானில் இன்னோர் உதாரணம். ஏஎஸ்டி-120 என்ற கரி உருண்டைகள் அங்கே 1991 முதல் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்தன. குடலிலேயே நச்சைப் பிடித்துவிட்டால் சிறுநீரகத்துக்குச் சுமை குறையும் என்பது யோசனை. கேட்பதற்கு அருமையாக இருக்கிறது. பல நாடுகளில் 2035 பேரை வைத்துச் சோதித்து 2015-ல் முடிவு சொன்னார்கள்: போலி மருந்து பெற்றவர்களைவிடப் பலன் இல்லை. யோசனை நன்றாக இருப்பது வேறு, வேலை செய்வது வேறு.

இதற்காகக் கரியை மருத்துவத்திலிருந்து துரத்த வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சில குறிப்பிட்ட மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர் ஒரு மணி நேரத்துக்குள், நினைவோடு வந்தால் மருத்துவர்கள் கரியை யோசிக்கிறார்கள். டாப்சோன், ஃபீனோபார்பிட்டால், தியோஃபிலின் போன்ற சிலவற்றுக்குப் பல முறை கொடுப்பதும் உண்டு. ஆன்டிபயாடிக் மருந்து பெருங்குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கொல்லாமல் தடுக்க, அங்கே போய்த் திறக்கும் கரி மாத்திரையைப் பிரான்சில் சோதித்திருக்கிறார்கள். எல்லாமே எப்போது, எதற்கு, யாருக்கு என்ற எல்லைக்குள்.

சோதனைக்கு யார் காசு கொடுப்பது?

கரிக்குக் காப்புரிமை வாங்க முடியாது. யார் வேண்டுமானாலும் கொட்டாங்குச்சியைச் சுட்டு விற்கலாம். அதனால் எந்தக் கம்பெனியும் கோடிக்கணக்கில் செலவழித்து "கரி விஷத்துக்கு வேலை செய்கிறதா" என்று பார்க்காது. பார்த்து நல்ல பதில் வந்தால் லாபம் போட்டிக் கம்பெனிக்கும் போகும். கெட்ட பதில் வந்தால் நஷ்டம் தனக்கு. எடில்ஸ்டன் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை. ஆசிய விவசாயிகளின் உயிர், ஆசியத் தென்னையின் கரி, பணம் மட்டும் லண்டனிலிருந்து!

இந்த இடத்தில்தான் அரசு வர வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு விஷ நோயாளிகள் தினமும் வருகிறார்கள். மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, கரி செய்யும் ஆலைகள் இருக்கின்றன. மலிவான, யாருக்கும் சொந்தமில்லாத மருந்துகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு நிரந்தர நிதி ஒதுக்குவது ஆடம்பரம் அல்ல. பலனில்லாததைத் தெரிந்து நிறுத்தினால் மிச்சமாவதும் அரசுப் பணம்தான்.

சோதிக்க வேண்டிய இடத்தில் காசு இல்லை. சோதிக்காத இடத்திலோ காசு கொட்டுகிறது. தாத்தா பாட்டி காலத்தில் கரித்தூளால் பல் தேய்த்தார்கள். "ஐயய்யோ, கரியா! எனாமல் போய்விடும்" என்று பயமுறுத்திப் பற்பசை விற்றார்கள். இப்போது அதே பற்பசைக்குள் கரியைப் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். பேரப்பிள்ளைகளும் வாங்குகிறார்கள். 2017-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு மதிப்பாய்வு, கரிப் பற்பசை பாதுகாப்பானது, பலனுள்ளது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. 'உடம்பைச் சுத்தம் செய்யும்' கரி ஜூஸ் இன்னும் மோசம். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் குடித்தால், கரி அந்த மாத்திரையையும் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடலாம். சர்க்கரை மாத்திரையா, கருத்தடை மாத்திரையா என்று அதற்குத் தெரியாது.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட முடியும். சட்டம் இருக்கிறது. "நச்சை நீக்கும்" என்று டப்பாவில் அச்சடிப்பவரிடம் "எந்த நச்சை? யாரிடம் சோதித்தீர்கள்? எத்தனை பேர்?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். அநுராதபுரத்து ஆஸ்பத்திரிகளில் உயிர் போகிற நேரத்திலும் கேட்கப்பட்ட கேள்விகள்தானே இவை. நிதானமாக ஒரு கடை அலமாரி முன்னால் கேட்க முடியாதா?

கடைசியாக ஒன்று. வீட்டில் யாராவது விஷம் சாப்பிட்டுவிட்டால் அடுப்புக்கரியைக் கரைத்துக் கொடுப்பது, வாந்தி எடுக்க வைப்பது என்று நேரத்தை வீணாக்கக் கூடாது. 108-க்கு போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தால் பேசுவதற்கு 104, 14416 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. கரியால் செய்ய முடியாததை ஒரு போன் செய்யலாம்.